பங்குக் கிணறு



தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, யாக்கோபின் கிணற்றருகே நம் ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட நற்செய்தியை வாசித்தோம். திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றபோது, நம் பங்கின் குடும்பத் தலைவர் ஒருவர் என்னைச் சற்று ஒதுக்கமாக அழைத்துச் சென்று ஒரு கேள்வி கேட்டார்: “சுவாமி, ஊரில வீடு கட்டுறம். பக்கத்து வளவுக்காரரோட எங்களுக்கு ஒரு பங்குக் கிணறு இருக்கு. அதை விட்டிட்டு எங்கட வளவுக்குள்ளயே குழாய்க் கிணறு அடிச்சா என்ன?”

அவருக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. “யோசித்துச் சொல்கிறேன்” என்று மட்டும் கூறினேன். அந்தக் கேள்விக்குள் யாழ்ப்பாணத்தின் நூறாண்டுக் கதை அடங்கியிருக்கிறது. பிக்கரிங்கில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகின்ற, பழுது பார்க்கின்ற, பெற்றோருக்குப் பணம் அனுப்புகின்ற உங்கள் அனைவருக்கும் அக்கேள்வியில் பங்கு உண்டு. ஆதலால் விடையை எல்லோருக்குமாக எழுதுகிறேன். சற்று நீளமானதுதான், பொறுமையுடன் வாசியுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மாரியில் மட்டும் ஓடி வற்றிவிடும் வழுக்கையாறு ஒன்றே நாம் ஆறு என்று சொல்லிக்கொண்டது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே நமது முதல். அதை வைத்தே மறு மாரி வரை வாழவேண்டும். அந்த மழையைச் சேமித்துத் தந்தது நம் காலடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் குகையுமாக இருக்கும் அந்தக் கல்லுக்குள் மழைநீர் இறங்கித் தங்குகிறது. ஆனால் குடாநாட்டைச் சுற்றிலும் கடலும் கடல்நீரேரியும் இருப்பதால், நிலத்தின் அடியிலும் உப்புநீரே நிற்கிறது. உப்புநீரைவிட நன்னீர் பாரம் குறைந்தது என்பதால், அது உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நமது கிணறுகள் எல்லாம் இந்த மிதக்கும் வில்லையில் இட்ட துளைகளே.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான பாடன் கைபனும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் அதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். கடல் மட்டத்திற்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதனைத் திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி மேலேறி வரும். நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உப்பாகவும் இருப்பதைச் சிறுவயதில் அதிசயமாகக் கேட்டோம். உண்மையில் குடாநாடு முழுவதும் ஒரு நிலாவரைதான். அங்கே அது கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற இடங்களில் தெரிவதில்லை.

நம் முன்னோர் இந்தக் கணக்கைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அதற்குள் அடங்கி வாழ்ந்தனர். துலாவில் ஒருவர் ஏறி மிதிக்க, மற்றவர் பனையோலைப் பட்டையால் நீரை ஊற்ற, தோட்டம் நனைந்தது. வீட்டுக் கிணற்றில் கப்பியும் கயிறும் வாளியும் இருந்தன. ஒவ்வொரு வாளிக்கும் ஒரு பாரம் இருந்தது. அந்தப் பாரத்தைக் கை அறிந்திருந்தது. கிணற்றடியில் குளித்த நீர் வாழைக்கும் தென்னைக்கும் ஓடியது. நீரைச் சிக்கனமாகச் செலவிடுமாறு அக்காலத்தில் எவரும் மறையுரை ஆற்ற வேண்டியிருக்கவில்லை. கைவலியே போதுமான மறையுரையாக இருந்தது.

1950களில் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வரத் தொடங்கின. துலா மிதித்த முதுகுகளுக்கு அது உண்மையான விடுதலை. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1970களில் அரசு வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் இறக்குமதித் தடை விதித்தபோது, வலிகாமத்துச் செம்மண் பொன்னாக விளைந்தது. இங்கே இருக்கும் உங்களில் பலர் அந்த வெங்காயக் காசில் படித்தவர்கள். ஆயினும் அதே ஆண்டுகளில் தோட்டங்களில் இட்ட இரசாயன உரம் மழையோடு கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கியது. வீடுகள் நெருங்க நெருங்க, மலசலகூடக் குழிகளின் கசிவும் அதனோடு சேர்ந்தது. 1980களில் ஆய்வாளர்கள் கிணற்று நீரைச் சோதித்தபோது, பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு உலக சுகாதார நிறுவனம் குறித்த எல்லையைத் தாண்டியிருந்தது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது அந்த எல்லை. அது மிகும்போது முதலில் ஆபத்துக்குள்ளாவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும்.

இனி ஓர் எண்ணிக்கையைக் கவனியுங்கள். இன்றைய மாவட்ட எல்லைக்குள் 1981ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஏறத்தாழ 7,38,000 மக்கள் வாழ்ந்தனர். 2012ஆம் ஆண்டில் அத்தொகை ஏறத்தாழ 5,83,000. போரும் இடப்பெயர்வும் நம்மைப் போன்றோரின் புலப்பெயர்வும் குறைத்த தொகை அது. மக்கள் குறைந்துவிட்டனர், ஆயினும் தண்ணீர்த் தட்டுப்பாடு குறையவில்லை. தலைகள் பெருகியதால் மட்டும் இந்நிலை வரவில்லை என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. அள்ளும் முறை மாறியது. ஆளியைத் தட்டினால் கூரைமேல் இருக்கும் தாங்கி நிறைகிறது. ஒரு வீட்டில் இரண்டு, மூன்று குளியலறைகள். வாளிக்கு இருந்த பாரம் மறைந்துவிட்டது. கழுவும் நீர் வாழையடிக்குப் போகாமல் குழிக்குள் போகிறது. குழியிலிருந்து அயலவரின் கிணற்றுக்குப் போகிறது. நகரத்துக் குளங்கள் பல தூர்ந்துபோயின. சிலவற்றின்மேல் கட்டடங்கள் எழுந்தன. குளம் நிறைந்தால்தான் அயற்கிணறு ஊறும் என்பதை ஊர் மறந்தது.

குருநகர், பாசையூர், நாவாந்துறை, கொழும்புத்துறை ஆகிய கரையோரப் பங்குகளிலிருந்து வந்தோருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் வளவுக் கிணறுகள் முன்னரே உவர்த்தவை. கோண்டாவில், திருநெல்வேலிக் கிணறுகளின் நீர் குழாய் வழியே நகருக்கு வந்தது; வராத நாட்களில் உங்கள் தாய்மார் குடத்தோடு காத்துநின்றனர். குடாநாட்டின் நடுவில் இருப்பவர் கூடுதலாக இறைக்கும்போது, கரையில் இருப்பவரின் கிணறே முதலில் உப்பாகிறது. செய்பவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர்.

இவ்விடத்தில் கசப்பான ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். பழைய கிணற்றடியை நாம் பொற்காலமாக எண்ணிக்கொள்ளலாகாது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுக் கட்டில் எல்லோரும் ஏற முடியவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று ஒதுக்கப்பட்ட நம் சகோதரர்கள், வெயிலில் குடத்தை வைத்துவிட்டு, யாராவது அள்ளி ஊற்றும் வரை காத்திருந்தனர். தாங்களே கிணறு வெட்டத் துணிந்தபோது அதையும் தடுத்தவர்கள் இருந்தனர். எழுத்தாளர் கே. டானியல் தம் புதினங்களுள் ஒன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டார். 1957இல் இயற்றப்பட்ட சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியின் பெயரால் ஒருவரை ஒதுக்குவதைக் குற்றமாக்கியது. ஆனால் சட்டம் கிணற்றடிக்கு வந்து சேரப் பல்லாண்டுகள் சென்றன. கத்தோலிக்கராகிய நாம் இதில் தூய்மையானவர்களாக இருந்தோம் என்று என் வாயால் சொல்ல இயலாது. ஒரே நற்கருணையைப் பெற்றவர்கள் ஒரே வாளியில் நீர் அள்ள மறுத்ததுண்டு. சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் தாமே கேட்டுத் தண்ணீர் வாங்கினார் என்பதை ஆண்டுதோறும் வாசித்துவிட்டுத்தான் அவ்வாறு செய்தோம்.

தட்டுப்பாட்டைத் தீர்க்க அறிவாளர்கள் முயலாமல் இருக்கவில்லை. பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954இல் ‘யாழ்ப்பாணத்திற்கு ஓர் ஆறு’ என்று அழைக்கப்படும் திட்டத்தை முன்வைத்தார். கனகராயன் ஆற்று நீர் வந்து சேரும் ஆனையிறவுக் கடல்நீரேரியை உப்பு நீக்கி நன்னீராக்கி, முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சி, உப்பாறு நீரேரிகளுக்குக் கொண்டுவந்து, நிலத்தடி நீரை ஊறவைப்பதே அவரது எண்ணம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உப்புத் தடுப்புகள் அமைக்கப்பட்டன. ஆனையிறவு வேலைகள் முழுமை பெறவில்லை. பின்னர் போர் வந்தது.

போருக்குப் பின், 2010இல், ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் ஒப்புதல் பெற்றது. இரணைமடுக் குளத்திலிருந்து குடாநாட்டுக்குக் குடிநீர் கொண்டுவருவது அதன் தொடக்க நோக்கம். கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். சிறுபோகத்திற்கே அவர்களுக்கு நீர் போதாது. வயல் நிலத்தில் ஒரு பகுதியே அப்போது விளையும். அவர்களுள் பலர் முன்னர் குடாநாட்டில் நிலமற்றவர்களாக இருந்து குடியேறியவர்களின் வழிவந்தோர். 1977இன் வன்முறையால் துரத்தப்பட்டு வந்த மலையகத் தமிழரும் அம்மாவட்டத்தில் உள்ளனர். ஒரு பக்கம் தாகம், மறுபக்கம் வயிறு. இரு பக்கமும் நம் மக்கள். தொடக்க நூலில் ஈசாக்கின் வேலையாட்கள் கிணறு தோண்டத் தோண்ட, கெரார் ஊர் மேய்ப்பர்கள் “தண்ணீர் எங்களுடையது” என்று வாதாடியதை நினைவுகூருங்கள். அவர் ஒரு கிணற்றுக்குச் ‘சச்சரவு’ என்றும், மற்றொன்றுக்குப் ‘பகை’ என்றும் பொருள்படப் பெயரிட்டார். மூன்றாவது கிணற்றுக்கு எவரும் வாதாடவில்லை. அதற்கு ‘பரந்த இடம்’ என்று பெயரிட்டார். நமக்கு இரணைமடு முதல் இரண்டு பெயர்களையும் பெற்றது.

அதே ஆண்டுகளில் சுன்னாகத்தில் மற்றோர் இடி. மின்னிலையப் பகுதியிலிருந்து கழிவெண்ணெய் கலந்ததாக மக்கள் முறையிட்டனர். கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது. வீதியோரத் தாங்கிகளில் பவுசர் நீருக்காக ஊர் காத்துநின்றது. 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், அங்கிருந்த தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. வில்லை ஒன்றே என்பதால், ஓரிடத்தில் விழுந்த எண்ணெய் அயலூர்க் கிணறுகளையும் தேடிச் சென்றது.

இறுதியில் இரணைமடுவைக் கைவிட்டு, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. 2024 ஓகஸ்ட் மாதத்தில் அது திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரை ஏறத்தாழ 3,00,000 பேருக்கு வழங்குவது அதன் நோக்கம். பகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 80 லீற்றர். லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரை, நுண்ணிய சவ்வுகளின் வழியே பேரழுத்தத்துடன் தள்ளியே இந்நீர் கிடைக்கிறது. இத்தகைய நிலையங்களில் ஒரு கன மீற்றருக்குப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். எஞ்சும் கடும் உப்புநீர் கடலுக்கே திரும்புகிறது. கரையோரத் தொழிலாளர் தம் மீனை எண்ணி அஞ்சியதும் அதனால்தான். இலவசமாக வானத்திலிருந்து விழுந்த நீரை நாம் கெடுத்ததனால், இன்று கடலை விலைகொடுத்துக் குடிக்கிறோம்.

இப்போது நம் பிக்கரிங்கிற்கு வருவோம். இங்கே குழாயைத் திறந்தால் வருவது ஒன்ராறியோ ஏரியின் நீர். ஏஜாக்ஸில் உள்ள நிலையத்தில் டுறம் பிராந்திய நிர்வாகம் அதைச் சுத்திகரித்து அனுப்புகிறது. 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் நம் நகரின் மக்கள் தொகை 99,186. வடக்கே எழும் சீட்டன் குடியிருப்பு மட்டும் 70,000 பேர் வரை கொள்ளத் திட்டமிடப்பட்டது. கனடாவில் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் செலவிடும் நீர் சராசரியாக 220 லீற்றர் அளவில் இருக்கிறது. தாளையடி தருவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. பேரேரிகளைப் பார்த்து, இது வற்றாத கொடை என்று நாம் எண்ணுகிறோம். ஆயினும் அந்நீரின் பெரும்பகுதி பனியுகம் விட்டுச்சென்ற பழைய சேமிப்பு; மழையாலும் பனியாலும் ஆண்டுதோறும் புதிதாகச் சேர்வது 100இல் 1 பங்கு மட்டுமே.

இந்நாட்டிலும் கிணறு கொன்றதுண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதம், இதே ஒன்ராறியோவின் வாக்கர்ட்டன் என்னும் சிற்றூரில், பெருமழை மாட்டெருவின் கிருமிகளை ஆழமற்ற ஒரு கிணற்றுக்குள் கொண்டுசென்றது. கண்காணிக்க வேண்டியவர்கள் ஒழுங்காகக் கண்காணிக்கவில்லை. 7 பேர் இறந்தனர்; 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர். நீதியரசர் டெனிஸ் ஓ’கானர் தலைமையில் விசாரணை நடந்தது. 2002இல் பாதுகாப்பான குடிநீருக்கென மாகாணச் சட்டமே பிறந்தது. நாம் இன்று அஞ்சாமல் குழாய்நீர் குடிப்பது அந்த ஏழு பேரின் மரணத்திற்குப் பின் வந்த ஒழுங்கினால்.

அந்த ஒழுங்கு எல்லோரையும் சென்றடையவில்லை. 1669ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஃபெனலோன் என்ற சுல்பீசிய சபைக் குரு, நமக்கு அருகே ரூஜ் ஆற்றுப் பகுதியிலிருந்த செனெக்கா மக்களின் ஊரில் தங்கினார். ஃபிரெஞ்ச்மன்ஸ் பே என்ற பெயர் அந்த நினைவில் வந்தது என்பர். இம்மண்ணுக்கு வந்த முதற் குருக்கள் முதற்குடிகளின் விருந்தினராக இருந்து அவர்களின் நீரைக் குடித்தனர். இன்றோ, ஒன்ராறியோவின் வடக்கே நெஸ்கன்டாகா என்னும் முதற்குடி ஊரில், 1995 பெப்ரவரியில் விதிக்கப்பட்ட ‘கொதிக்க வைத்துக் குடியுங்கள்’ என்ற அறிவுறுத்தலோடு ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. 1995 என்ற ஆண்டு நமக்கு என்ன என்பதை நான் நினைவூட்ட வேண்டுமா? அவ்வாண்டின் ஒக்ரோபர் இறுதியில், மழையில் நனைந்தபடி, குடிக்க ஒரு மிடறு நீரின்றி, நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் உங்களுள் உள்ளனர். நீரற்றவரின் துயரைக் கேட்டு அறியவேண்டிய நிலையில் நாம் இல்லை. அதை நாம் அறிவோம்.

2010இல் ஐ.நா. பொதுச்சபை, தூய குடிநீரை மனித உரிமை என ஏற்றது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடலிலும் அவ்வாறே கற்பித்தார். திருமுழுக்கில் நாம் ஊற்றும் நீருக்குத் தனியான வேதியியல் இல்லை. அது இந்த ஏரியின் நீர், அந்தக் கிணற்றின் நீர்.

இப்போது கேட்டவருக்கு என் விடை. நம் ஊர் உறுதிகளில், காணியின் பரப்பை எழுதியபின், கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் என்று சேர்த்து எழுதுவார்கள். முன்னோர் நிலத்தைப் பிரித்தார்கள், கிணற்றைப் பிரிக்கவில்லை. அதில் பங்கு மட்டுமே வைத்தார்கள். நிலத்தின் அடியில் எல்லை வேலி இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் வளவுக்குள் குழாய்க் கிணறு அடித்தாலும், நீங்கள் இறைக்கப்போவது அயலவரின் நீரைத்தான். அவர் அடித்தால் உங்களுடையதை. ஆழம் போகப்போக உப்பையும் சேர்த்து அழைப்பீர்கள். ஆதலால், அடிக்கவேண்டாம் என்பதே என் ஆலோசனை. பங்குக் கிணற்றைத் தூர்வாரி, கட்டைத் திருத்துங்கள். செலவில் உங்கள் பங்கைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுங்கள்.

வீடு கட்டும் ஏனையோருக்கும் சிலவற்றைச் சொல்வேன். இரண்டு பரப்புக் காணியில் மலசலகூடக் குழியை எங்கே வைப்பது என்பதைக் கிணற்றையும் அயலவரின் கிணற்றையும் பார்த்து முடிவு செய்யுங்கள். அடி மூடி நீர் கசியாத தொட்டியாகக் கட்டுங்கள். கூரைநீரைப் பீலி வைத்துத் தாங்கியிலோ கிணற்றடி மண்ணிலோ சேருங்கள். முற்றம் முழுவதும் சீமெந்து பூசி மழையை வீதிக்கு விரட்டாதீர்கள். வீட்டில் குழந்தை பிறக்குமானால், கிணற்று நீரை முதலில் சோதிக்கக் கொடுங்கள். குழாய்நீர் இணைப்பு வருமாயின் குடிப்பதற்கு அதைப் பெறுங்கள். அதற்காகக் கிணற்றைக் குப்பைக் குழியாக்காதீர்கள். ஆண்டில் மூன்று வாரம் நீங்கள் போய்த் தங்கும் வீட்டுக்காக, ஆண்டு முழுவதும் அங்கே இருப்பவரின் நீர் கெடலாகாது. ஊர்ச் சங்கங்கள் ஆலயக் கோபுரத்திற்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பகுதியை ஊர்க் குளத்தைத் தூர்வாரக் கொடுத்தால், ஆண்டவர் வருத்தப்படமாட்டார் என்பதற்கு நான் உத்தரவாதம்.

இன்னும் ஒன்று. அந்தப் பங்குக் கிணற்றின் மறுபங்காளி யார் என்று நான் கேட்கவில்லை. எவராக இருப்பினும், இந்த முறை ஊருக்குப் போகும்போது அவரைக் கிணற்றடியில் சந்தித்து, அவர் கையால் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். நம் பாட்டன்மார் சிலர் செய்ய மறுத்ததை நாம் செய்வோம். திருச்சபையின் மக்கள் சேர்ந்து வாழும் வட்டத்திற்கும் தமிழில் ‘பங்கு’ என்றே பெயர் வைத்திருக்கிறோம் அல்லவா?

இறை ஆசீர் உங்கள் இல்லங்களிலும், அங்கே உங்கள் கிணறுகளிலும் நிறைவதாக.

உங்கள் பங்குத் தந்தை